வேடு கட்டிய காற்று

பிப்ரவரி 24, திங்கள்

என் அக்கா மகள் சுகப்பிரியா மதுரையில் காற்றைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறாள். இன்று வேன் பிடித்து வந்து எங்கள் மொட்டை மாடியில் ஒரு மெஷினை இறக்கி வைத்தாள். தக்காளிப் பெட்டி இரண்டை அடுக்கினால் என்ன உயரமோ அவ்வளவு உயரம். மேலே புனல் மாதிரி ஒரு வாய். அது நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சுமாம். உறிஞ்சிய காற்று வட்டமான ஒரு வெள்ளைத் தாள் வழியாகப் போகும். காற்றில் உள்ள புகை, கரி, தூசி எல்லாம் தாளில் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலை ஏழு மணிக்குப் பழைய தாளை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுப் புதுத் தாள் வைக்க வேண்டும். பிறகு அவர்கள் எடை போட்டுக் கணக்குச் சொல்வார்கள்.

தேனி மாவட்டத்தில் இத்தனை ஆயிரம் வீடு இருக்க இந்தத் தங்கமாயன் வீடு எதற்கு? பல்கலைக்கழகத்தில் எல்லோரும் கூடிப் பேசித்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுகப்பிரியா பாப்பா சொன்ன காரணம் வேறு.

"மாமா, உங்க வீட்டுக்கு மேக்க மலை. சுத்தி கரும்புக்காடு. காடு எரிஞ்சாலும் தோட்டம் எரிஞ்சாலும் புகை இங்கதான் வந்து சேருது. அதான்."

எனக்குத் தலைக்கனம் வந்துவிடக் கூடாதென்று அப்படிச் சொல்கிறாள்.

இந்த நோட்டும் அவள் கொடுத்ததுதான். தேதி, காற்று வரும் திசை, புகை உண்டா, எங்கே எரிகிறது என்று நாலு கட்டம். எனக்கு நாலு கட்டம் எப்படிப் போதும்? எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன்தான். ஆனால் வனத்துறையில் தீக்காவல் வாட்சராக நான் எழுதிய ரிப்போர்ட்டை ரேஞ்சர் இரண்டு தரம் வாசிப்பார். ஆகவே கட்டத்தைத் தாண்டித்தான் எழுதுவேன்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரி சிவனம்மாளின் முதுகைத் தடவிக்கொண்டே பாப்பா ஒன்று சொன்னாள்.

"அத்தைக்கு இளைப்பு கூடிருச்சு மாமா. ஒரு மாசம் அளந்து பாப்போம். காத்து மோசம்னு வந்துச்சுன்னா, தீ வைக்கிற மாசமெல்லாம் அத்தை திருப்பூர்ல மகன் வீட்டுல இருக்கட்டும். டாக்டரும் அதத்தான சொல்றாரு."

சிவனம்மாளுக்குச் சளி. மற்றபடி ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருசத்தில் அவள் இந்த வீட்டைவிட்டு வெளியே தங்கியது மொத்தம் பதினோரு நாள். அதை நான் எண்ணியெல்லாம் வைக்கவில்லை.

காற்று மேற்கு. புகை இல்லை.

பிப்ரவரி 26, புதன்

தாள் மாற்றினேன். லேசான பழுப்பு. இதில் கை நடுங்கக் கூடாது, மூச்சு தாளில் படக் கூடாது. பட்டணத்து எஞ்சினியர்கள் செய்திருந்தால் அரை மணி ஆகும். நான் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தேன். கீழிருந்து சிவனம்மாள், "ஒரு தாளு மாத்துறதுக்கு இம்புட்டு அலட்டலா?" என்றாள். அவளுக்கு விஞ்ஞானம் பிடிபடாது.

உண்மையில் இந்த மெஷின் ஒரு நாள் முழுக்க உறிஞ்சிக் கண்டுபிடிப்பதை நான் ஒரே மூச்சில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவன். எண்பத்தெட்டிலிருந்து பதினோரு கோடை மலையில் தீக்காவல் பார்த்தேன். மூக்குதான் அப்போது மெஷின். தேக்கிலை எரிந்தால் நாக்கின் அடியில் கசக்கும். மூங்கில் எரிந்தால் வாசனைக்கு முன்பே வெடிச்சத்தம் வந்துவிடும். தைலப்புல் எரிந்தால் எலுமிச்சைத் தோலை நெருப்பில் காட்டியது போல இருக்கும். கரும்பு வெட்டிய பிறகு தரையில் கிடக்கும் காய்ந்த சோகை எரிந்தால் வெல்லப்பாகு அடிப்பிடிக்கிற வாசம். ஒருமுறை மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் ஒரு ஆள் பீடி பற்ற வைத்ததை நான் இந்தப்புறமிருந்தே சொன்னேன். என்ன பீடி என்றுதான் சொல்ல முடியவில்லை.

தைலப்புல் அறுக்க அப்போது பெண்கள் மலைக்கு வருவார்கள். சிவனம்மாளும் வருவாள். புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடையில் முகம் கழுவினால் அவளைச் சுற்றிப் பத்தடிக்கு அந்த வாசம் நிற்கும். செங்குத்தான ஏற்றத்தைப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவாள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன். வாங்குவது போல நடிப்பேன்.

மார்ச் 1, சனி

கிழக்கே மொக்கச்சாமி தோட்டத்தில் சோகைக்குத் தீ வைத்தார்கள். அடுத்த கரும்பு துளிர்க்க வேண்டுமென்றால் தரை சுத்தமாக வேண்டுமே. இரண்டு ஏக்கர். தென்னைமர உயரத்துக்குத் தீ எழுந்தது. ஆனால் பக்கத்திலிருந்த வாழையில் ஓர் இலைகூட வாடவில்லை. முதலில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பற்ற வைத்துக் கோடு போட்டுவிட்டுப் பிறகுதான் காற்றுப் பக்கம் பற்ற வைத்தார்கள். பற்ற வைத்தவர் கைகாரர். பெயர் வேண்டாம்.

என் நீலச் சட்டையில் பொறி பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றபோது விழுந்ததுதான்.

மார்ச் 2, ஞாயிறு

தாளை எடுத்துப் பார்த்தேன். கருப்பு. அடுப்பில் மறந்துபோன தோசை போல.

சிவனம்மாளுக்குச் சளி கூடியிருக்கிறது. இப்போதெல்லாம் பாதி வாக்கியம்தான் பேசுகிறாள். மிச்சத்தை நான் ஊகித்துக்கொள்வேன். "அடுப்புல பாலு..." என்று ஆரம்பித்தாள். மிச்சத்தைச் சொல்வதற்குள் பால் பொங்கிவிட்டது.

இந்தக் கருப்புத் தாளை மதுரையில் நாலு பேர் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். தங்கமாயன் வீட்டுக் காற்று இதுதான் என்பார்கள். பிறகு திருப்பூர் என்பார்கள். திருப்பூரில் என்ன சந்தனக் காற்றா வீசுகிறது?

மார்ச் 3, திங்கள்

மெஷினில் ஒரு குறை இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதன் வாய் திறந்தே கிடக்கிறது. நம் வீட்டில் ஊறுகாய்ச் சாடியை வெயிலில் வைத்தால்கூட வேடு கட்டித்தானே வைக்கிறோம்? துணி கட்டினால் காற்றும் போகும், கண்டதும் விழாது. வெளிநாட்டில் மெஷின் செய்தவனுக்கு ஊறுகாய் போடத் தெரிந்திருக்காது.

என் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, நனைத்துப் பிழிந்து, மெஷின் வாய்க்கு வேடு கட்டினேன். நனைத்தது வெயிலுக்காக. மெஷின் நல்ல நன்றியோடு உறுமியது. பாப்பாவின் பேராசிரியருக்கே இது தோன்றியிருக்காது.

மார்ச் 5, புதன்

தாள் வெள்ளை. எங்கள் ஊர்க் காற்று சுத்தமானது என்று நான் எப்போதும் சொல்வேன்.

மார்ச் 8, சனி

வேட்டுத் துணியைத் தினமும் துவைத்துக் கட்டுகிறேன். இன்று துவைத்த தண்ணீர் டீத்தண்ணி போல ஆகிவிட்டது. சாயம் போகிற துணி.

"வெள்ளை வேட்டியில சாயம்..." என்று சிவனம்மாள் வாசற்படியிலிருந்து ஆரம்பித்தாள். மிச்சத்தை நான் ஊகிக்கவில்லை.

தெற்கே ஒரு தோட்டத்தில் சோகை எரிந்தது. ஒன்றரை ஏக்கர். ஊரே வந்து பார்த்தது. அதே கைகாரர்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மலையில் தீ. சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தால் சரிவில் சிவப்பு நூலொன்று நெளிந்து கிடப்பது போல. புகை கீழே இறங்கி ஊருக்குள் வந்தது. தைலப்புல்லும் காய்ந்த இலையும் கலந்த வாசம். மூக்கில் ஏறியதும் எனக்கு வயது முப்பது ஆகிவிட்டது.

தை பிறந்ததும் மேலே போய்விடுவோம். மலையைக் குறுக்கே செதுக்கித் தீக்கோடு வெட்டுவோம். தீ வந்தால் அந்த மொட்டைத் தரையில் தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். பாறை மறைவில் அடுப்பு மூட்டிக் கருவாட்டுக் குழம்பு வைப்போம். என் கூட்டாளி பரமன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தால் அடுத்த மலையிலிருந்து பதில் வரும். ஒருநாள் பதில் தாமதமாக வந்தது. அடுத்த மலையில் இருந்தவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் விலாவில் இருக்கிறது. பரமன் போய் ஆறு வருசம் ஆகிறது. என்னோடு தீயடித்த ஆட்களில் கீழே மிச்சம் நான்தான்.

தொண்ணூறாம் வருசத்துத் தீயைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சித்திரை மாதம். ஐந்து மைல் நீளத்துக்குத் தீ, பனைமர உயரம். என் கீழே பதினேழு பேர். வயர்லெஸ்ஸில் ரேஞ்சர், "தங்கமாயா, எல்லாரையும் இறக்கிரு" என்று கெஞ்சுகிறார். நான் பதினேழு பேரையும் நிறுத்தி வைத்துவிட்டு ஒற்றை ஆளாக எதிர்த்தீ வைத்து மலையையே திருப்பி அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் வந்தது. அந்தப் பேப்பர் கரையான் அரித்துவிட்டது.

சிவனம்மாளும் அன்று மலையில் எங்கோ இருந்தாள். அடுத்த வருசம் கல்யாணம்.

அவள் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, இன்ஹேலரை மூன்று தரம் இழுத்தாள்.

மார்ச் 12, புதன்

தாள் வெள்ளை.

மார்ச் 16, ஞாயிறு

பாப்பா வந்தாள். டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள். பிறகு இந்த நோட்டைக் கையில் எடுத்து முற்றத்தில் உட்கார்ந்தாள். நான் எழுதியதை ஒருவர் கவனமாக வாசிப்பதைப் பார்த்து எத்தனை வருசம் ஆயிற்று. வாசிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

"மாமா, எட்டாந்தேதி தெக்க ஒன்றரை ஏக்கர் எரிஞ்சுச்சுன்னு இருக்கு. பதினொண்ணாந்தேதி மலையில தீ, ஊருக்குள்ள புகைன்னு இருக்கு. ஆனா தாளு ரெண்டும் பால் மாதிரி இருக்கே. எது நெசம்?"

"ரெண்டும் நெசம்தான் தாயி."

அவள் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். மார்ச் 3-இல் நின்றாள். எழுந்து மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது கையில் வேட்டுத் துணி. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து அதில் துணியை முக்கி எடுத்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம்.

"மெஷினுக்கு வேடு கட்டிட்டீங்க மாமா. அத்தை மூக்குக்கு?"

வாளித் தண்ணீரை முற்றத்து ஓரம் கொட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். எனக்கும் சளி பிடித்திருக்கலாம்.

சிவனம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்... பாப்பா. தெனம்... தொவைக்கிறாரே." நடுவில் நிறுத்தி மூச்சை எடுத்துக்கொண்டாள். "நானும் போக மாட்டேன்னுதான்... பேசாம இருந்தேன்."

"ரெண்டு பேரும் சேந்து என் பன்னெண்டு நாளைக் காலி பண்ணிருக்கீங்க" என்றாள் பாப்பா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பற்ற வைத்தவர் கைகாரர்னு எழுதியிருக்கீங்களே. யாரு மாமா அது?"

நான் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். அவள் ஓட்டையைப் பார்த்தாள். அதற்கு நான் சொன்ன பதிலை எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

நாளையிலிருந்து வேடு இல்லாமல் பன்னிரண்டு தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பூரா இல்லையா என்று முடிவு. இனி பேச்சு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அம்மாவின் குரல் அப்படியே.

மார்ச் 18, செவ்வாய்

தாள் மாற்றினேன். சாம்பல் நிறம். மலைப் புகை.

மார்ச் 20, வியாழன்

காலையில் டீக்கடை. பத்துப் பேராவது இருந்தார்கள். குருவையா வந்தான். எங்கள் வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற மூன்று ஏக்கர் அவனுடையது. நேற்றுத்தான் வெட்டு முடிந்தது. காடு அங்கிருந்து ஐம்பதடி.

"மாயண்ணே, நாளான்னைக்கு நம்ம தோட்டத்துக்கு வரணும். சோகை முழங்கால் உசரம் கெடக்கு."

"ஆளா இல்ல உனக்கு?"

"காட்டோரம்ண்ணே. ஒரு பொறி உள்ள போச்சுன்னா கேசாயிரும். நீங்க இல்லாம நான் தீக்குச்சி கிழிக்க மாட்டேன்."

பெஞ்சிலிருந்த மொக்கச்சாமி, "அண்ணன் இருக்கையில என்னடா பயம்? தொண்ணூறுல மலையையே திருப்புனவரு" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தப் பார்வைக்காகத்தான் ஒரு மனிதன் டீக்கடைக்கு வருவது. எத்தனையோ காலை இதைக் குடித்துவிட்டுத்தான் டீயைக் குடித்திருக்கிறேன்.

வெளியே காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து வருகிற காற்று குருவையா தோட்டத்தைத் தாண்டினால் அடுத்து நிற்பது எங்கள் வீட்டு ஜன்னல்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "அது நான் திருப்பல. மழை பெஞ்சுச்சு" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. "எந்த மழை?"

"சித்திரை மழைதான். தீயப் பாத்ததும் நான் ஓடைக்குள்ள போயி உக்காந்துட்டேன். வெளிய வந்து பாத்தா எல்லாம் அணஞ்சு கெடந்துச்சு."

"அப்ப என் தோட்டத்துல எப்படி வச்சீக?" என்றான் மொக்கச்சாமி.

"குருட்டாம்போக்குதான். எனக்குக் காத்துப் போக்கெல்லாம் தெரியாது. கொஞ்சம் பிசகியிருந்தா ஒன் மாட்டுக் கொட்டகை போயிருக்கும்."

மொக்கச்சாமியின் முகம் மாறிவிட்டது. மாடுகள் நினைவுக்கு வந்திருக்கும். மூலையில் இருந்த ஒரு கிழவர், "முப்பது வருசமா அந்தக் கதைக்கு டீ வாங்கிக் குடிச்சீரே மாயன், எல்லாத்தையும் எப்ப கக்கப் போறீரு?" என்றார். கடையே சிரித்தது. குருவையா மட்டும் சிரிக்கவில்லை. சோகையை எரிக்காமல் வேறு என்ன செய்வது என்று கேட்டான். ஒரு பாத்தி விட்டு ஒரு பாத்தியில் பரப்பிவிடச் சொன்னேன். தண்ணீர் சீக்கிரம் காயாது, தானே மட்கி உரமாகும். பாப்பா எப்போதோ சொன்னது.

சுகப்பிரியா, இதை நீ வாசிப்பாய். யாரிடமும் சொல்லிவிடாதே. அன்று மழை பெய்யவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய் இதுதான்.

மார்ச் 21, வெள்ளி

டீக்கடைக்குப் போகவில்லை. வீட்டிலேயே டீ போட்டேன். எனக்கு டீ போடத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

மார்ச் 24, திங்கள்

குருவையா ஆள் வைத்துச் சோகையைப் பரப்புகிறான். வடக்குத் தோட்டத்துக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். காட்டோரத்தில் தீக்குச்சி கிழிக்க இப்போது யாருக்கும் துணிவில்லை. என்னை நம்பித்தான் இத்தனை வருசம் எரித்திருக்கிறார்கள் போல. இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பிறகு இல்லை.

தாள் மாற்றினேன். லேசான பழுப்பு.

மார்ச் 26, புதன்

தெருவில் சிறுவர்கள் என்னைப் பார்த்து, "தாத்தா, மழை வருமா?" என்று கேட்கிறார்கள். வரும் என்றேன்.

மார்ச் 29, சனி

காலையில் கடைசித் தாளையும் சேர்த்துப் பன்னிரண்டு டப்பாவையும் குருவையா மகனிடம் மதுரைக்குக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் பாப்பா போன் செய்தாள். எடை போட்டு முடித்த தாள்களின் கணக்கை வரிசையாக வாசித்தாள். எனக்கு எண்கள் பிடிபடவில்லை, குரலை மட்டும் கவனித்தேன்.

"மாமா, சுத்தம்னு சொல்ல மாட்டேன். மலைப் புகை இருந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா ஒண்ணாந்தேதித் தாளோட வச்சுப் பாத்தா நாலுல ஒரு பங்குதான். தோட்டத்துப் புகை சுத்தமா நின்னுருச்சு. என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல தாயி. அவங்களா நிறுத்திட்டாங்க."

"சரி. அத்தை இருக்கட்டும். மலையில தீ பெருசாச்சுன்னா மறு பேச்சு இல்லாம கெளம்பணும்."

சிவனம்மாளிடம் சொன்னேன். "அதுக்கு முந்தியே நான் நாளைக்கு மாவாட்ட அரிசி ஊறப் போட்டாச்சு" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

சிவனம்மாள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். குடத்தைத் தொப்பென்று இறக்கினாள். நான் இந்த நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். நேரே வந்து எதிரில் நின்றாள்.

"குழாயடியில அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாளுக. ஓடைக்குள்ள ஒளிஞ்ச வாட்சரு சௌக்கியமான்னு கேக்குறாளுக. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. சொன்னா நாளைக்கே உங்களைத் தீ வைக்கக் கூப்புட வருவாங்கன்னு முழுங்கிட்டேன். உங்ககிட்டச் சொல்றேன், எழுதுங்க. அன்னைக்கு ஒரு சொட்டு மழை பெய்யல. வைகாசி பொறந்தும் பெய்யல. பதினேழு பேரும் இல்ல, நாலு பேரு. அதுல ரெண்டு பேரு ஓடிட்டாங்க. அஞ்சு மைலும் இல்ல, இந்தா, இங்கருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் இருக்கும். நாங்க ஏழு பொம்பளைக புல்லுக்கட்டோட பாறைக்கு மேல மாட்டிக்கிட்டோம். தீ கீழருந்து ஏறி வருது. எறங்க வழியில்ல. நீங்களும் பரமண்ணனும் ஏறி வந்து, எங்களுக்கும் தீக்கும் நடுவுல இருந்த புல்லை வெட்டித் தள்ளிட்டு, எதுக்க நெருப்பு வச்சீக. ரெண்டு தீயும் ஒண்ணோட ஒண்ணு மோதி அப்படியே படுத்துருச்சு. பெறகு உங்க கை நடுங்குன நடுக்கத்துல செம்பைக்கூட புடிக்க முடியல. நான்தான் புடிச்சுக் குடிக்க வச்சேன். ஊரு பூராவும் ஆயிரம் கதை அளந்தீகளே, இதை மட்டும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல நீங்க. நான் இன்னைக்கு வரைக்கும் எங்க ஆத்தாகிட்டக்கூட சொன்னதில்ல. எழுதியாச்சா?"

ஆச்சு என்றேன். மாவு ஆட்டப் போய்விட்டாள்.

சுகப்பிரியா, அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் எங்கேயும் நின்று மூச்சு வாங்காததால் என் கை பின்தங்கிவிட்டது. இரண்டு மூன்று வாக்கியம் விட்டுப்போயிருக்கலாம்.